‘எனக்கு அப்புறம் யார் பார்த்துப்பாங்க?’ - வளர்ந்த மாற்றுத்திறனாளி பிள்ளைக்குச் சிறிய இல்லம் தேடும்போது கவனிக்க வேண்டியவை

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் காலத்துக்கு ஒரு கேள்வி இருக்கும். பிள்ளைக்கு 6 வயதில், "எப்போ பேசுவான்?" 16 வயதில், "ஸ்கூல் முடிஞ்சா என்ன பண்ணுவான்?" பிள்ளைக்கு 36 வயதாகி, பெற்றோருக்கு 65 தாண்டும்போது மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: "எனக்கு அப்புறம் யார் பார்த்துப்பாங்க?"

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்விக்கான பதில் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வாரத்திலோ, அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளோதான் இல்லம் தேடும் வேலையே தொடங்குகிறது. அந்த அவசரத்தில் யாரும் தேர்வு செய்வதில்லை. எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே சேர்த்துவிடுகிறார்கள். நிதானமாகத் தேர்வு செய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

சிறிய இல்லம் என்றால் என்ன?

‘ஹோம்’ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நீண்ட ஹால், வரிசையாகக் கட்டில்கள், மணி அடித்தால் சாப்பாடு. சிறிய இல்லம் என்பது வேறு. சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில், ஐந்தாறு பேர் உதவியாளர்களுடன் சேர்ந்து வாழும் ஏற்பாடு அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். மளிகைக் கடை, கோயில், பஸ் ஸ்டாப் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும்.

இதற்கு உலக அளவில் பேசப்படும் ஓர் உதாரணம் சென்னையில் இருந்தே உருவானது. 1993-ல் தொடங்கப்பட்ட ‘தி பேன்யன்’ அமைப்பு, மனநல பாதிப்பால் நீண்ட காலம் மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் இருந்தவர்களுக்காக 2015-ல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தைத் தொடங்கியது. ஊருக்குள் வாடகை வீடு எடுத்து, நான்கைந்து பேர் ஒரு குடும்பம்போல அங்கே வாழ்கிறார்கள். அவரவர் தேவைக்கு ஏற்ப உதவியாளர் இருப்பார். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட சமூக மனநல சேவைகள் குறித்த வழிகாட்டுதலில் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதுவும் இடம்பெற்றது.

ஆனால், சிறியது என்பதாலேயே ஓர் இல்லம் நல்லதாகிவிடாது. 60 பேர் இருக்கும் இடத்தில் ஒரு ஊழியர் லீவு போட்டால் சமாளிக்கலாம். ஆறு பேர் இருக்கும் வீட்டில் மொத்தமே இரண்டு, மூன்று ஊழியர்கள்தான். ஒருவர் நின்றுவிட்டால் அந்த வீட்டின் பாதி பலம் போய்விடும். வந்து பார்ப்பவர்கள் குறைவு என்பதால், தப்பு நடந்தால் வெளியே தெரியவும் நாளாகும். சிறிய இல்லத்துக்கு அதிகக் கேள்விகள் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

‘ஹோம்ல விட்டுட்டாங்க’ என்ற பேச்சு

பெற்றோரைத் தயங்க வைப்பதில் முக்கியமானது இந்த ஒரு வாக்கியம். ‘கூடப் பிறந்தவங்க இருக்காங்களே, பார்த்துக்க மாட்டாங்களா?’ என்று உறவுகள் சுலபமாகக் கேட்டுவிடும். நடைமுறையில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஒரு சகோதரியின் தலையிலோ, வீட்டுக்கு வந்த மருமகளின் தலையிலோ விழுகிறது. அவர்களிடம் யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை.

சட்டம் இதைப் பார்க்கும் விதம் வேறு. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, சமூகத்தில் மற்றவர்களைப் போல வாழும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு என்கிறது. குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அதில் அடங்கும். அதாவது, ‘ஹோமா, வீடா’ என்ற கேள்வியில் குடும்பத்தின் வசதி ஒரு பக்கம் என்றால், அங்கே வாழப்போகிறவரின் விருப்பம் இன்னொரு பக்கம். பேச்சு வராதவருக்கும் விருப்பம் உண்டு.

எந்த இல்லத்துக்கு எந்தப் பதிவு?

இங்கேதான் பல குடும்பங்கள் குழம்புகின்றன. அலுவலகச் சுவரில் நாலைந்து சான்றிதழ்கள் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். அறக்கட்டளைப் பதிவுப் பத்திரம், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி சான்றிதழ்கள், விருதுகள், பிரபலங்களோடு எடுத்த படங்கள். இவற்றில் எதுவுமே இல்லம் நடத்துவதற்கான உரிமம் அல்ல. 80ஜி என்பது நன்கொடை கொடுப்பவருக்கான வரிச் சலுகை; உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பார்க்க வேண்டியது இவற்றைத்தான்:

* அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான இல்லம் என்றால், 2016-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். 50-வது பிரிவின்படி, இது இல்லாமல் யாரும் இத்தகைய நிறுவனம் நடத்தக் கூடாது.

* மனநல பாதிப்பு உள்ளோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் என்றால், 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

* பெண்கள் தங்கும் இல்லம் என்றால், விடுதிகள், இல்லங்களை ஒழுங்குபடுத்தும் 2014-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

சான்றிதழைக் காட்டச் சொல்லி, அதில் உள்ள முகவரியும் நீங்கள் நிற்கும் கட்டிடத்தின் முகவரியும் ஒன்றா, எத்தனை பேருக்கு அனுமதி, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், ‘இந்தப் பெயரில் பதிவு இருக்கிறதா?’ என்று கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். "அப்ளை பண்ணியிருக்கோம், சீக்கிரம் வந்துடும்" என்ற பதில் பதிவு ஆகாது.

இது வெறும் காகித வேலை இல்லை என்பதைத் தமிழ்நாடு இரண்டு முறை பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இன்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு, எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை செய்கிறது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஆசிரமத்தில் இருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உயர்நீதிமன்றத்தில் போடப்பட்ட ஆட்கொணர்வு மனுவில் இருந்துதான் அந்த விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது. யாரோ ஒருவர் விடாமல் விசாரித்ததுதான் காரணம்.

நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாவது தடவை சாயங்காலம் 6 மணிக்கு மேல் போங்கள். பகல் ஷிஃப்ட் ஊழியர்கள் கிளம்பி, ராத்திரி ஆட்கள் வரும் நேரம் அது. வீட்டின் உண்மையான நிலை அப்போதுதான் தெரியும்.

* பாத்ரூம்: கதவு இருக்கிறதா? உள்ளே தாழ்ப்பாள், வெளியில் இருந்து அவசரத்துக்குத் திறக்கும் வசதி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா? ஃபினாயில் வாசனை தூக்கலாக அடித்தால் நீங்கள் வருவதற்காகக் கழுவியதாகவும் இருக்கலாம்.

* துணிமணி: ஒவ்வொருவருக்கும் தனி அலமாரியும் சொந்த உடையும் உண்டா, அல்லது பொதுவாகத் துவைத்துக் கையில் கிடைத்ததைப் போட்டுவிடுகிறார்களா? எல்லோருக்கும் ஒரே மாதிரி மொட்டை அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

* பூட்டு: ராத்திரி வெளிக்கதவைப் பூட்டுவார்கள் என்றால் சாவி யாரிடம்? தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவார்கள்? தனி அறையில் அடைக்கும் பழக்கம் உண்டா?

* பகல் பொழுது: காலை 10 மணிக்கு எல்லோரும் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே, பாதிப் பேர் தூங்கி விழுந்துகொண்டிருந்தால், தூக்க மாத்திரை பற்றிக் கேட்க வேண்டிய நேரம் அது.

* பேச்சு: ஊழியர்கள் அங்கே இருப்பவர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? பெயர் சொல்லியா, பட்டப்பெயர் வைத்தா? 40 வயதுக்காரரை ‘டேய்’ என்று அதட்டும் இடமா?

கிச்சன் பக்கம் போக அனுமதி கேளுங்கள். ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் குடும்பத்தினர் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசுங்கள். உங்களை ஆபீஸ் ரூமோடு நிறுத்திவிட்டு, "உள்ள எல்லாரும் ரெஸ்ட் எடுக்குறாங்க" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், அதுவே போதுமான பதில்.

தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள்

"ராத்திரி எத்தனை பேர் முழிச்சிருப்பாங்க?" - ‘இருப்பாங்க’ என்பதும் ‘முழிச்சிருப்பாங்க’ என்பதும் வேறு வேறு.

"ராத்திரி 2 மணிக்கு ஃபிட்ஸ் வந்தா யார், எந்த வண்டியில, எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாங்க?" - பெயர், வண்டி, ஆஸ்பத்திரி மூன்றுக்கும் உடனே பதில் வர வேண்டும்.

"மாத்திரையை யார் கொடுக்குறாங்க, எழுதி வைக்கிற நோட்டைப் பார்க்கலாமா?" - எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தது, எப்போது கடைசியாக மாற்றியது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

"கோபம் வந்து பொருளைத் தூக்கிப் போட்டா என்ன செய்வீங்க?" - ‘எங்ககிட்ட வந்தா எல்லாம் அடங்கிடுவாங்க’ என்பது பெருமையான பதில் அல்ல, எச்சரிக்கை.

"இங்க வேலை பார்க்குறவங்க எத்தனை வருஷமா இருக்காங்க?" - மாதத்துக்கு ஒரு ஆள் மாறும் வீட்டில், உங்கள் பிள்ளைக்குப் பசிக்கிறதா வலிக்கிறதா என்று அடையாளம் காண ஆள் இருக்காது.

"நீங்க இல்லாமப் போனா இந்த இல்லத்தை யார் நடத்துவாங்க?" - நடத்துபவருக்கு 60 வயதுக்கு மேல் என்றால் இது கட்டாயக் கேள்வி. ஒரே ஒரு நல்ல மனிதரை நம்பி நடக்கும் இல்லம், அவருக்குப் பிறகு என்ன ஆகும் என்பதை எழுத்தில் சொல்ல முடிய வேண்டும்.

பெண் பிள்ளை என்றால் இன்னும் இரண்டு விஷயங்கள். குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பெண் ஊழியர் மட்டும்தானா என்று கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் யார் உதவுவார்கள் என்று கேளுங்கள். ‘கர்ப்பப்பையை எடுத்துட்டு வந்தா சேர்த்துக்குறோம்’ என்று யாராவது நிபந்தனை போட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். மாற்றுத்திறனாளியின் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல், கருத்தரிக்க இயலாமல் செய்யும் எந்த மருத்துவ நடைமுறையும் கூடாது என்கிறது 2016-ம் ஆண்டு சட்டத்தின் 10-வது பிரிவு.

பணம், சொத்து, ஒப்பந்தம்

சில இல்லங்கள் மாதக் கட்டணம் மட்டும் வாங்குகின்றன. சில இடங்களில் டெபாசிட்டும் சேர்த்துக் கேட்பார்கள். ‘ஒரே தவணையில் பெரிய தொகை கட்டிவிட்டால் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற ஏற்பாடும் உண்டு. பெற்றோருக்கு நிம்மதி தருவது இந்த மூன்றாவதுதான். அதிக ஆபத்து இருப்பதும் இதில்தான். மொத்தப் பணத்தையும் கொடுத்த பிறகு, கேள்வி கேட்கும் பலம் குடும்பத்தின் கையில் இருக்காது.

ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை: கட்டணத்தில் எதெல்லாம் அடங்கும் (மருந்து, டயப்பர், தெரபி, ஆஸ்பத்திரிச் செலவு), வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள், இல்லத்தை விட்டு வந்தால் டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், எந்தக் காரணத்துக்காக ‘கூட்டிட்டுப் போயிடுங்க’ என்று சொல்வார்கள், அதற்கு எத்தனை நாள் அவகாசம். வீட்டையோ நிலத்தையோ இல்லத்தின் பெயருக்கு எழுதிவைக்கும் யோசனை வந்தால், கையெழுத்துப் போடும் முன் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

வருமானப் பக்கத்தில் விடுபட்டுப்போகும் சில உதவிகள் உண்டு. கடுமையான பாதிப்பு உள்ளோருக்குத் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். இல்லத்தில் சேர்ந்த பிறகும் அது தொடருமா என்பதை மாவட்ட அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு இது பொருந்தும். பெற்றோரில் ஒருவர் அரசு ஊழியராக இருந்தவர் என்றால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதி இருக்கிறது. பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆவணத்தில் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே சேர்த்துவிட்டால், பிறகு அலைய வேண்டியிருக்காது.

18 வயதுக்குப் பிறகு கையெழுத்து யாருடையது?

பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும், பெற்றோர் என்பதாலேயே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மேலே சொன்ன நான்கு வகைக் குறைபாடுகளுக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். பெற்றோர், உடன்பிறந்தவர், உறவினர் ஆகியோர் விண்ணப்பிக்கலாம். மனநல பாதிப்பு உள்ளவர்களுக்கு வழி வேறு. 2017-ம் ஆண்டு சட்டப்படி, தனக்காக முடிவெடுக்க உதவும் நியமனப் பிரதிநிதியை அவரே எழுதிக் கொடுக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இல்லம் நடத்துபவரே காப்பாளர், அவரே வங்கிக் கணக்கைக் கையாள்பவர், அவரே பராமரிப்பவர் என்று மூன்றும் ஒரே ஆளிடம் சேரும்போது தட்டிக்கேட்க யாரும் மிஞ்சுவதில்லை. காப்பாளர் இல்லத்துக்கு வெளியே இருப்பவராக இருப்பதே நல்லது. அண்ணனோ, அக்காவோ, சித்தப்பா மகனோ, வெளியில் ஒருவர் வேண்டும்.

முதலில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம்

ஒரு உதாரணத்துக்கு, 68 வயது அம்மாவும் 36 வயது மகனும் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். மகனுக்கு அம்மா பிசைந்து வைத்தால்தான் சாப்பாடு இறங்கும். மிக்சி சத்தம் என்றால் பயம். அம்மா இறந்த பிறகு அவரை இல்லத்துக்கு அழைத்துப்போனால், அவர் ஒரே நாளில் அம்மாவையும் வீட்டையும் சேர்த்து இழக்கிறார். எதற்காக இங்கே கொண்டுவந்தார்கள் என்றும் அவருக்குப் புரியாது.

அம்மா நல்லபடியாக இருக்கும்போதே தொடங்கினால் கதை வேறு. முதலில் பகலில் சில மணி நேரம், பிறகு ஒரு சனி, ஞாயிறு, அப்புறம் ஒரு வாரம். ஒவ்வொரு முறையும் அம்மா வந்து கூட்டிப்போவார் என்பது மகனுக்குப் பழகும். அவருடைய பழக்கங்கள் ஊழியர்களுக்குப் பழகும். தேசிய அறக்கட்டளையும் ‘சமர்த்’, ‘கரௌண்டா’ என்ற பெயர்களில் குறுகிய காலத் தங்கலுக்கும் நீண்ட காலத் தங்கலுக்கும் திட்டங்கள் வைத்திருக்கிறது. உங்கள் மாவட்டத்திலோ பக்கத்திலோ அப்படி இல்லம் உண்டா என்று விசாரிக்கலாம்.

கூடவே ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதிக் கொடுங்கள். தண்ணீர் வேண்டும் என்றால் எப்படிக் காட்டுவார், வலித்தால் என்ன செய்வார், எதைப் பார்த்தால் பயம், எந்தப் பாட்டு போட்டால் அமைதியாவார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கும் இந்த விவரங்கள் காகிதத்துக்கு வர வேண்டும்.

சேர்த்த பிறகு

பேச முடியாதவர் எதையும் சொல்லமாட்டார் என்று நினைக்க வேண்டாம், உடம்பு சொல்லும். எடை குறைவது, காரணம் தெரியாத காயம், கை ஓங்கினால் பதறி ஒதுங்குவது, குறிப்பிட்ட ஓர் ஊழியரைக் கண்டால் ஒடுங்குவது, வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் ஏறவே மறுப்பது. ஒரு தடவை என்றால் பழகாத இடம் என்று சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் என்றால் விசாரிக்க வேண்டும்.

அடி, துன்புறுத்தல், பட்டினி போடுதல் பற்றிச் சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்திலோ நிர்வாக நடுவரிடமோ (வருவாய்த் துறை அதிகாரிகள் இந்தப் பொறுப்பில் இருப்பார்கள்) புகார் கொடுக்கலாம். 2016-ம் ஆண்டு சட்டத்தின் 7-வது பிரிவு இதற்கு வழி செய்கிறது. பராமரிப்பில் இருப்பவருக்கு வேண்டுமென்றே உணவோ தண்ணீரோ மறுத்தால், 92-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதலாம். மனநல பாதிப்பு தொடர்பான ஆலோசனைக்கு 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

இந்த மாதமே என்ன செய்யலாம்?

பிள்ளைக்கு 18 வயது தாண்டியிருந்தால், இல்லம் இப்போது தேவையோ இல்லையோ, நான்கு வேலைகளைத் தொடங்கிவிடலாம். ஒன்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யூடிஐடி அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்ப்பது. இரண்டு, காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிப்பது. மூன்று, கூடப் பிறந்தவர்களை உட்காரவைத்து, ‘நீ கூட வச்சுப் பார்த்துக்கணும்னு சொல்லல, மாசம் ஒரு தடவை போய்ப் பார்ப்பியா?’ என்று நேராகக் கேட்பது. நான்கு, மாவட்ட அலுவலகத்தில் பதிவு பெற்ற இல்லங்களின் விவரம் வாங்கி, இரண்டு இல்லங்களையாவது போய்ப் பார்ப்பது. போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வாழப்போவது அவர்தான்.